தேங்காய்ப்பால் காயும்வரை

"அந்த முடி நீட்டுற மெஷின எடுத்துனு போங்க அண்ணி. சூடு வெச்சா புள்ள முடி கருகிப் பூடும்."

நாத்தனார் குப்பம்மாளிடம் சொல்லிவிட்டு, சுமலதா அறைக் கதவை உள்ளே தாழிட்டாள்.

"மாப்ள ஊட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்ளோ நேரமா?" வெளியிலிருந்து குப்பம்மாள் கத்தினாள்.

"தேங்காப்பாலு ஊறிக் காய ஒரு மணி நேரமாச்சும் ஆவும். யாரும் கதவத் தட்டாதீங்க!"

முக்காலியில் உட்கார்ந்திருந்த பூமிகா அம்மாவை முறைத்தாள். காதலன் பீட்டருடன் அவளைக் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் யாரோ பார்த்துச் சொன்னதிலிருந்து வீடே சிறையாகிவிட்டது. போன் அப்பாவிடம். தெருமுனையில் பெரியப்பா மகன்கள் காவல். அம்மாவாவது தன் பக்கம் நிற்பாள் என்று நம்பியிருந்தாள். அம்மாவோ, வருகிறவன் கண்ணுக்கு அழகாக்குகிறாள்!

எலுமிச்சைச் சாறும் சோளமாவும் கலந்து காய்ச்சி ஆறவைத்த தேங்காய்ப்பாலைச் சுமலதா வேர்முதல் நுனிவரை தடவினாள். அகலப் பல் சீப்பால் கீழ்நோக்கி இழுத்து இழுத்துச் சீவினாள்.

"அந்தாளுக்குச் சுருட்ட முடி புடிக்கலன்னா போவட்டும்மா. என்னை இன்னாத்துக்கு மாத்துற?"

"வாய மூடினு உக்காரு."

"நீயும் அவங்களோட சேந்துட்டல்ல?"

பால் ஊறியதும் சுமலதா அவளைப் பின்கதவு வழியே கூட்டிப்போய், கொல்லைப்பக்கக் குழாயில் தலையை அலசி, உள்ளே கூட்டி வந்து, ஈரத்தோடு மறுபடியும் சீவினாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். தெருவே 'சுருட்டை' என்று கூப்பிடும் அந்த முடி மெல்ல மெல்லப் படிந்து முதுகில் இறங்கியது.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"உள்ள இன்னாடி பண்றீங்க? பொண்ணு கீறாளா?" அப்பா பூவராகவனின் குரல்.

"எங்க பூடுவா? இன்னும் ஈரம் காயல!"

சுமலதாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. காலடிச் சத்தம் விலகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளைக் கண்ணாடி முன் திருப்பினாள்.

பூமிகாவின் கண்கள் நிறைந்தன. "இது நான் மாதிரியே இல்லம்மா."

"அதான் வேணும்" என்ற சுமலதா, தான் வேலைக்குப் போட்டுப்போகும் கம்பெனிச் சீருடைக் கோட்டை மகளுக்கு மாட்டி, முகக்கவசத்தைக் கட்டிவிட்டு, கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

"உங்க அண்ணனுங்க சுருட்டத் தலையத்தான் தேடினு நிப்பானுங்க. ஷிப்டுக்குப் போற பொண்ணுங்களோட பொண்ணா கலந்து, திரும்பிப் பாக்காம ரயிலு ஸ்டேஷனுக்குப் போ. பீட்டரு அங்க நிக்கிறான். நான்தான் வரச் சொன்னேன்."