விளிம்பு வரை ஒரு டீ

கிர்கிஸ்தானின் கராக்கோல் நகரில், சூரா வீட்டு முற்றத்தில் நின்ற காருக்கு அடியிலிருந்து, அழுக்குக் கால்சட்டையில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"வண்டிக்கு என்ன சூரா?" என்றபடி பக்கத்து வீட்டு சைரா வந்து உட்கார்ந்தாள்.

"ஆக்சில் பூட் கிழிஞ்சு கிரீஸெல்லாம் வெளிய வந்திருச்சு. புது ரப்பர் மாட்டணும்."

"அதையும் வீட்டுலயேவா? உன் மகன் எர்மெக் மாதிரி யாருக்கு வாய்க்கும்! மருமக எங்க, படுத்திருக்காளா?"

"ஆமா, படுத்துத்தான் இருக்கா."

"பட்டப்பகல்லயா? எழுப்பி ஒரு டீ போடச் சொல்லு."

சூரா எழுந்துபோய் அடுக்களை ஜன்னலைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிண்ணம் டீ வந்தது.

அதைப் பார்த்ததும் சைராவின் முகம் கறுத்தது.

"விளிம்பு வரைக்கும் ஊத்தியிருக்கா! குடிச்சிட்டுக் கிளம்புங்கறாளா? விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம் ஊத்தி, திரும்பத் திரும்ப ஊத்தணும்னுகூடத் தெரியல. என்ன மருமகளோ! பாவம், எர்மெக்."

காருக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது. முகமெல்லாம் கிரீஸோடு மருமகள் மீரிம் வெளியே வந்தாள்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா," என்றவள், ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"ஏங்க, பாதிதான் ஊத்தணும்னு எத்தனை தடவ சொல்லிக் குடுக்கறது?"