தேய்ந்த பக்கம்

முதுகுப் பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றியதும் கிடாரின் கழுத்து தனியாக வந்துவிட்டது.

"உடம்பு ஒரு கம்பெனி, கழுத்து வேற கம்பெனி அங்கிள்," என்றான் அரிகரன், ஏதோ பரிசு விழுந்தவன் போல.

அரியூரில் மஞ்சுளாவோடு வேலை பார்ப்பவன். பழைய கிடார் என்றால் சாப்பாடு வேண்டாம் அவனுக்கு. எங்கப்பா எழுபதுகள்ல பாண்டியில ராக் பேண்டுல பேஸ் கிடார் வாசிச்சவரு என்று மஞ்சுளா சொன்னதுதான் தாமதம், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்து நின்றுவிட்டான்.

மஞ்சுளாவின் அப்பா உத்திராபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கிடாரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறான், வாசிக்கச் சொல்லமாட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்றைக்குமே தெரியாது.

"இந்த வால்யூம் திருகு ரேடியோவுது மாதிரி இருக்கே?"

"அப்பல்லாம் பார்ட்ஸ் எங்க தம்பி கெடைக்கும்? கெடைச்சத மாட்டிக்குவோம்."

மாட்டியது மச்சான் சுபாஷ். இவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார்.

"அந்த ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரங்க விழா டான்ஸ் கதைய சொல்லுப்பா," என்றாள் மஞ்சுளா. சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்ட அதே குரல்.

சொன்னார். கடற்கரை ஓரத்து ஹால். தோள் வரைக்கும் முடி, தரையைக் கூட்டும் பெல்பாட்டம். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடிய வெள்ளைக்காரர்கள். "பேஸ் சத்தம் காதுல கேக்காது தம்பி. தொப்புள்ல கேக்கும்."

எல்லாம் உண்மை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு அவர் கேட்டது. பெட்டியைத் தூக்கி வந்ததே அவர்தான்.

பேண்டில் இருந்தவர்கள் பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் சொல்வதை மறுக்க இந்தப் பக்கத்தில் ஒருவரைத் தவிர ஆள் இல்லை. அந்த ஒருவர் மறுத்ததும் இல்லை.

"கம்பி தாங்குற இந்த பிரிட்ஜ் மட்டும் ஏன் இப்படி இருக்கு? நிக்கல் போயி பித்தளை தெரியுதே?"

"ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளி போட்டு வெளக்கிடுவா. குத்துவிளக்கும் இதுவும் அவளுக்கு ஒண்ணுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். காப்பித் தட்டோடு அறைவாசலில் நின்ற அவர் மனைவி தெய்வநாயகியும் லேசாகச் சிரித்தாள்.

அரிகரன் கழுத்தின் உச்சியில், கம்பிகள் படிந்து உட்காரும் கொம்புத் துண்டை விரலால் தடவினான். பிறகு உடம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"தடிச்ச கம்பிக்கான பள்ளம் தலைகீழா அறுத்திருக்கு. தோள்வார் பொத்தான எதிர்ப்பக்கம் மாத்தியிருக்காங்க. பெயிண்ட் தேய்ஞ்சிருக்கறதும் எதிர்ப்பக்கம்." அவன் முகம் விரிந்தது. "அங்கிள், நீங்க லெஃப்ட் ஹேண்டா!"

"இல்லியே," என்றாள் மஞ்சுளா. "அப்பாவுக்கு எல்லாமே ரைட்டுதான்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

உத்திராபதியின் காதுமடல் சுட்டது. சீர் வண்டியிலிருந்து தவலை, குடம், அண்டாவோடு இதுவும் இறங்கிய நாள். இது இன்னாடா, யாருது என்று அம்மா கேட்டாள். ஊரே சுற்றி நின்றது. புது மருமகளுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. என்னுது என்றார். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னோம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்.

மஞ்சுளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பீச்சாங்கைதான் தம்பி இவருக்கு." தெய்வநாயகி தட்டை ஸ்டூலில் வைத்தாள். "எங்க மாமியாருக்கு அது ஆகாது. சோத்துல அந்தக் கைய வெச்சதுக்கு, கரண்டிய நெருப்புல காச்சி மணிக்கட்டுல வெச்சிட்டாங்க. அத்தோட சோத்துக்கைக்கு மாறியாச்சி."

குரலில் ஒரு நெளிவும் இல்லை.

"அடப்பாவமே," என்றான் அரிகரன். "ஒரு மியூசிஷியன் கைய..."

"ஆயாவா இப்படி? சொல்லவே இல்லியேப்பா நீ!" மஞ்சுளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காலடியில் உட்கார்ந்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரத்தை மேலே தள்ளினாள். திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா அது? காணமே?"

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் கிடார் தொங்கிய ஆணி மட்டும் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"மறைஞ்சி போச்சிம்மா," என்றார்.

காப்பி குடித்து முடித்திருந்தார்கள். தெய்வநாயகி தட்டை வலது கையில் ஏந்திக்கொண்டு, டம்ளர்களை எடுக்க இடது கையை நீட்டிக் குனிந்தாள். கண்ணாடி வளையல்கள் புறங்கைக்குச் சரிந்தன.

மணிக்கட்டுக்கு மேலே பிறைபோல ஒரு தழும்பு. மஞ்சுளா பிறந்த நாளிலிருந்து பார்த்து வருவது. கேட்டபோதெல்லாம் எண்ணெய் தெறித்தது என்று அம்மா சொன்னது.

டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. அவள் உள்ளே போய்விட்டாள்.

மஞ்சுளா அவர் கையை விடவில்லை. பிடி மட்டும் மெல்லத் தளர்ந்துகொண்டே வந்தது.