ஐந்து மணிக்குள் ஒரு படம்

அண்ணன் இத்தனை பொறுமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனும் கையுமாகச் சாய்ந்திருந்தாள்.

“டவுன்லோட் ஆயிடுச்சுன்னு காட்டுது, படத்தைக் காணோமேம்மா. இதுல சி டிரைவ் எங்க இருக்கு?”

“லினக்ஸ்ல சி டிரைவ் எல்லாம் கிடையாதுண்ணா. ஹோம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள டவுன்லோட்ஸ்னு இருக்கும் பாரு.”

“அட, ஆமா! வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்.”

அண்ணனின் ஸ்டூடியோவில் சாகக் கிடந்த கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தவள் அவள்தான். ஏழு வருஷமாக அங்கேதான் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது படம் அனுப்பப்போகும் புகைப்படப் போட்டியில் ஜெயித்தால் பெரிய பத்திரிகை ஒன்றில் புகைப்படக்காரர் வேலை நிச்சயம். சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது, இப்போது நாலே கால்.

படம் இதுதான்: உயர்ந்த கட்டடம் ஒன்றில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைக்கும் தொழிலாளி. உள்ளேயிருந்து அவருக்குக் கையசைக்கும் குழந்தை. எதிர்க் கட்டடத்தின் இரும்பு ஏணியில் ஏறி அதை எடுத்துவிட்டு இறங்கும்போதுதான் விழுந்தாள். காலும் முறிந்தது, அண்ணனின் கேமராவும் நொறுங்கியது. கேமரா ரிப்பேர்காரர் உடைந்த கார்டிலிருந்து அந்த ஒரே படத்தை எப்படியோ மீட்டு, இன்றைக்குத்தான் ஸ்டூடியோவுக்கு மெயிலில் அனுப்பியிருந்தார்.

“கிடைச்சிடுச்சு! ஆனா தொறக்க மாட்டேங்குது.”

“அது ரா ஃபைல்ணா, கேமராவுல பதிவான ஒரிஜினல், சும்மா தொறக்காது. நான் போட்டு வச்சிருக்கிற டார்க்டேபிள் சாஃப்ட்வேர்ல தொறந்து, ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணு. ராவையும் சேர்த்து அனுப்பணும். அதைப் பார்த்துத்தான் எடுத்தது யாருன்னு நம்புவாங்க.”

“சரிம்மா, சரி.”

கீபோர்டைத் தட்டியபடியே அண்ணன் அடுத்ததைக் கேட்டான்.

“எங்க நின்னு எடுத்தது, எத்தனை மணிக்குன்னெல்லாம் ஃபாரத்துல கேக்குறாங்களே?”

ஒன்று விடாமல் சொன்னாள். ஏணியில் எத்தனையாவது படி, வெயில் எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம் காத்திருந்தாள் என்பதுவரை சொன்னாள். அவனும் “மெதுவா, மெதுவா” என்று எழுதிக்கொண்டான்.

நாலு ஐம்பதுக்கு அண்ணன், “அனுப்பியாச்சு. நீ நிம்மதியா தூங்கு” என்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறவன்தான், ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தூக்கம்தான் வரவில்லை. போட்டி அலுவலகத்துக்கே போன் போட்டு, ஸ்டூடியோ பேரைச் சொல்லி விசாரித்தாள்.

“வந்துடுச்சும்மா, ராவும் சரியா இருக்கு. படத்தைப் பார்த்துட்டு எங்க ஆளுங்களே அசந்து போயிட்டாங்க” என்றார் அங்கிருந்தவர்.

அவளுக்குக் கட்டிலில் இருப்பே கொள்ளவில்லை. “எங்கண்ணன்தான் சார் ஃபாரம் நிரப்பினாரு. என்னைப் பத்தி எல்லாம் சரியா எழுதியிருக்காரா?”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“எழுதியிருக்காரேம்மா... கேமரா பையைத் தூக்கிட்டு வந்த தங்கச்சி நீங்கதானே?”