வருக! வருக!

“அட, இது நீங்கதானா சார்?”

பிளெக்ஸ் கடைக்காரர் தீனதயாளன் கம்ப்யூட்டர் திரையையும், எதிரே பெட்டியோடு நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் பட்டாள உடுப்போடு இளஞ்செழியன் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் தேசியக் கொடி. அதற்கும் மேல் கொட்டை எழுத்தில் ‘வருக! வருக!’

இளஞ்செழியன் பெட்டியைக் கீழே வைத்தான். அப்பா நிஜமாகவே பிளெக்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்.

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய ஊர். அங்கே பட்டாளத்துக்காரன் ஓய்வு பெற்று வந்தால் ஒரு வழக்கம் உண்டு. ஊர் எல்லையில் பிளெக்ஸ் கட்டுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாலை போட்டு, கரும்பு டிராக்டரில் ஏற்றி, மேளத்தோடு வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். அந்த பிளெக்ஸ்களின் மூலையில் எல்லாம் கள்ளக்குறிச்சியின் இந்தக் கடைப் பெயர்தான் இருக்கும். அதனால்தான், தனக்கும் ஒன்று சொல்லியிருந்தால் அடிப்பதற்குள் நிறுத்திவிட, பஸ் நிலையத்திலிருந்து நேரே இங்கே வந்தான்.

ஆனால் அவன் ஓய்வு பெற்று வரவில்லை. வெளியேற்றப்பட்டு வந்திருக்கிறான்.

கூட இருந்த எவனோ அவனுடைய செல்போனைத் திறந்து பார்த்துவிட்டான். இளஞ்செழியன் ஓர் ஆணுக்கு எழுதியிருந்த காதல் வரிகள் அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டன. நாட்டுச் சட்டம் அதைக் குற்றமில்லை என்று சொல்லிச் சில வருஷங்கள் ஆகின்றன. பட்டாளத்துச் சட்டம் வேறு. விளையாட்டுக்கு எழுதியதாகச் சொல்லிவிடு என்றார் அதிகாரி ஒருவர். அவனுக்கு அப்படிப் பொய் சொல்ல வரவில்லை; வேலை போனது.

அன்றைக்கே அப்பாவிடம் போனில் உண்மையைச் சொன்னான். “எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்லப்பா. ஆம்பளைங்க மேலதான். அதுக்குத்தான் அனுப்பிட்டாங்க.”

அப்பா கண்ணாயிரம், “நான் கூப்புடற வரைக்கும் ஊருக்கு வராத” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது. “உடுப்புல எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்பு. மொகம் நல்லா சிரிச்ச மாதிரி இருக்கணும். பொறந்த தேதியும் அனுப்பு.” அவன் பிறந்தது கரும்பு வெட்டு நடந்த சமயம் என்பது அவருக்குத் தெரியும், தேதிதான் தெரியாது. இளஞ்செழியன் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அப்பா மன்னித்துவிட்டார்.

“குந்துங்க சார். கறுப்பு மை ஊத்திகினு இருந்தேன்” என்றார் தீனதயாளன். மெஷின் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. “உங்க உடுப்பு பச்சைதானே? பச்சைன்னு ஒரு மையே கெடையாது தெரியுமா? நீலப் புள்ளியும் மஞ்சப் புள்ளியும் பக்கத்துல பக்கத்துல விழும். தூரத்துல நின்னு பாக்கற கண்ணு ஏமாந்துபோய்ப் பச்சைங்குது.”

“அப்படியா!”

“மொத்தமே நாலு மைதான். முகூர்த்த மாசம்னா ரோஸும் மஞ்சளும் தீந்துபூடும். கருணாபுரத்துல சாராயம் குடிச்சு சாவு விழுந்துச்சே, அந்த வாரம் கறுப்பு மட்டுந்தான் தீந்துச்சு.” அவர் மை பாட்டிலை மூடினார். “உங்களுது சந்தோச சமாச்சாரம். ஆமா, உங்கப்பா உங்க பொறந்த தேதிய அனுப்பிகீறாரே, பொறந்த நாளும் சேந்து வருதா இன்னா?”

“இல்லியே. அதுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குது.”

“அப்பன் பாசம், இருக்கட்டும் சார். இன்னொரு தேதியும், மேல எழுத வேண்டியதும் போன்ல சொல்றேன்னாரு. நீங்க வந்து எறங்கற தேதியா இருக்கும். எல்லா மிலிட்டரிக்காரருக்கும் ஒரே வாசகந்தானேன்னு நானே வருக வருகன்னு போட்டு வெச்சுட்டேன்.”

இளஞ்செழியன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். “அண்ணே, இத அடிக்காதீங்க. நான் முழு சர்வீஸ் முடிச்சு வரல. பொய்யா ஒரு மரியாதை வாணாம்.”

“நல்லா இருக்குது! ஆர்டர் குடுத்தவரு அவரு. கேக்காம நிறுத்துனா என்னைத்தான் ஏசுவாரு.” தீனதயாளன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார். “ஐயா, பிளெக்ஸ் கடை தயாளன். உங்க புள்ள இங்க வந்துகீறாரு!”

அந்தப் பக்கம் டிராக்டர் இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் நின்றது.

“அப்பா, நான்தான். நீங்க கூப்புடற வரைக்கும் இருக்க முடியல, வந்துட்டேன்.” அவன் போன் பக்கம் குனிந்தான். “மேளமும் வாணாம், பிளெக்ஸும் வாணாம்ப்பா. எனக்காக இவ்ளோ யோசிச்சீங்களே, அதுவே போதும். பஸ் புடிச்சு இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடறேன்.”



தீனதயாளன் சிரித்தார். “சந்தோசத்துல பேச்சு வரல போலகீது. ஐயா, அடிக்கவா, நிறுத்தவா?”

“அடிங்க தம்பி.” கண்ணாயிரத்தின் குரல் நிதானமாக இருந்தது.

“அப்புறம் அந்த இன்னொரு தேதி? சார்தான் வந்துட்டாரே, இன்னிக்குத் தேதியே போட்டுடவா?”

“போடுங்க. அதுக்கு முன்னால மறைவுன்னு போட்டுடுங்க.”