சாத்தான் கதவைத் தட்டினார்

இயேசு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. வெளியே சாத்தான் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வயிறு சரியில்லையா? மாத்திரை ஏதாவது வேணுமா?"

சாத்தான் தன் வாலைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கதவில் காதை வைத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டிச் செய்த வால். ஒன்பது நாளில் பதினோரு பேரைத் தடுக்கி விழ வைத்திருந்தது.

ஊரில் அவருக்கு வெல்டிங் பட்டறை. சர்ச் இருக்கிற தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். மனைவிதான் மன்றாடி, தன் தம்பியோடு இந்த வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு அனுப்பி வைத்தாள். "பத்தே நாள் போயிட்டு வாங்க. அப்பவும் மனசு மாறலேன்னா, சாகிற வரைக்கும் உங்களைச் சர்ச்சுக்குக் கூப்பிட மாட்டேன்" என்று பந்தயம்.

பாஷை தெரியாத நாடு என்பதால் ஊமை நாடகம். ஒல்லி உடம்பும் தாடியும் வைத்திருந்த தம்பி இயேசு. தொப்பையும் முழியுமாக இருந்த அத்தான் சாத்தான். குழுவினர் கண்ணை மூடி ஜெபித்த நேரமெல்லாம் அத்தான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பிகளின் வெல்டிங்கைக் குறை சொல்லியே ஒன்பது நாளை ஓட்டிவிட்டார். இன்று ஒரு காட்சி முடிந்தால் பந்தயம் அவருக்குத்தான்.

குழுத் தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மண்டபத்துல முந்நூறு பேர் காத்திருக்காங்க. இது பிசாசோட தடை பிரதர்!"

"நான் என்னங்க பண்ணேன்? இங்கதானே நிக்கிறேன்?"

தலைவர் ஒரு ஸ்தோத்திரத்தைச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு இன்னொரு பாட்டுப் பாட ஓடினார்.

செல்போனும் கையுமாக உள்ளே போயிருந்த மச்சான் இப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அத்தான், லீடர் போயிட்டாரா?"

"போயிட்டாரு. வாடா வெளியே."

"முடியாது. எனக்கு விசுவாசமே போச்சு."

"எப்படா போச்சு? காலையில கூட அரை மணி நேரம் ஜெபம் பண்ணி என் தூக்கத்தைக் கெடுத்தியே!"

"எல்லாம் வெறும் வாய் வார்த்தை. மேல யாரும் இல்ல. நீங்க சொல்றதுதான் சரி அத்தான்."

மாமியார் வீட்டில் ஒருத்தராவது இப்படிச் சொல்ல மாட்டாரா என்று பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்தவர் அவர். சர்க்கரையாக இனித்திருக்க வேண்டும். அவரோ கதவை இன்னும் பலமாகத் தட்டினார்.

"என் பேச்சை எதுக்குடா கேக்கறே? நான் இரும்பை ஒட்ட வைக்கிறவன்."

"ஒன்பது நாள் நீங்களும்தானே கூட வந்தீங்க? உங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

சாத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கதவோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணு சொல்றேன். உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது."

"நான் சொல்ல மாட்டேன்."

"நேத்து நாடகத்துல என்னைப் பிடிச்சுத் தள்ளினே பாரு, முட்டி சிராய்ச்சுப் போச்சு. எல்லாரும் உன்கூட போட்டோ எடுக்க ஓடிட்டாங்க. ஒரு வாண்டு மட்டும் மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு என்கிட்ட வந்துச்சு. குனிஞ்சு முட்டியில ஊதி விட்டுச்சு. சாத்தானுக்குடா!"

சாத்தான் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அப்புறம் வேன்ல கண்ணை மூடிட்டு உட்கார்ந்தேன். யாருக்காவது நன்றி சொல்லணும் போல இருந்துச்சு. யாருக்குன்னு சொல்றது, நம்ம லீடருக்கா? மேல பார்த்துச் சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையிலயும் சொன்னேன். அங்க கேக்கறதுக்கு ஆள் இருக்கிற மாதிரிதான்டா இருந்துச்சு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. இவ்வளவு கட்டைக் குரல்காரன் இத்தனை மெல்லிசாக அழுவான் என்று சாத்தான் நினைத்ததே இல்லை.

"அழாதே மச்சான். ஓசியில ஊர் சுத்திப் பார்க்க வந்த எனக்கே ஒட்டிக்கிச்சு. தொட்டில்லேர்ந்து சர்ச்சுல கிடக்கிறவன் நீ. உனக்கு எங்கே போயிடும்? தேடு, அங்கேயேதான் எங்கேயாவது கிடக்கும்."

"அப்ப ஊருக்குப் போனதும் அக்காகிட்டச் சொல்லிடுவீங்களா?"

"பைத்தியமாடா உனக்கு? பன்னண்டு வருஷம் பேசின வாய் இது. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? பந்தயத்துல நான் ஜெயிச்சேன். அவ்வளவுதான்."

தாழ்ப்பாள் விலகியது. அங்கியில் ஒரு கசங்கல் இல்லாமல், கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் இயேசு நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து வேன்ல நீங்க தூங்கலேன்னு நானும் பார்த்தேன் அத்தான்" என்றபடி, கையிலிருந்த போனைச் சாத்தானின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

போனுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு மனைவியின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு எந்தச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கட்டும்?"