இருபத்தாறு தாளில் ஒரே தப்பு

"மரியாதையா சொல்லிடுங்க. கேள்வித்தாளை எடுத்தது யாரு?"

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து தங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். மூலையில் குளிருக்காக மூட்டிய அடுப்புக்குள் நிலக்கரி வெடித்துக்கொண்டிருந்தது.

வேதியியல் ஆசிரியை புருல் மேசைமேல் இருந்த விடைத்தாள்களைத் தட்டினாள்.

"பத்துக் கேள்வி. ஒன்பதுல ஒருத்தர்கூடத் தப்பு பண்ணலை. மக்னீசியம் குளோரைடு சரி, சோடியம் ஆக்சைடு சரி. அலுமினியம் ஆக்சைடுக்கு மட்டும் இருபத்தாறு பேரும் ஒரே தப்பு!"

கரும்பலகையில் Al₃O₂ என்று எழுதி, சாக்பீஸ் உடையுமளவுக்கு அதை அடித்தாள்.

"அலுமினியத்துக்கு இணைதிறன் மூணு, ஆக்சிஜனுக்கு ரெண்டு. எண்களைக் குறுக்கே மாத்திப் போட்டா Al₂O₃. மத்ததுக்கெல்லாம் மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு இது மட்டும் எப்படி மறந்துச்சு? அதுவும் எல்லாருக்கும்?"

விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

"நானே சொல்றேன். கேள்வித்தாள் முந்தின நாளே வெளியே போயிருக்கு. எவனோ ஒருத்தன் வீட்ல உக்காந்து எழுதியிருக்கான். மத்தவங்க ஈயடிச்சான் காப்பி."

அவள் கண் மூன்றாவது பெஞ்சில் போய் நின்றது.

"உலான், எழுந்திரு. ஆசிரியர் அறையைக் கூட்டறது உங்கம்மாதானே?"

உலானின் காது சிவந்தது. "எங்கம்மா எதையும் தொட மாட்டாங்க எஜே." அந்த ஊரில் ஆசிரியையை 'அக்கா' என்ற பொருளில் எஜே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாவி அவங்ககிட்டதான் இருக்கு. பள்ளிக்கூட டைரக்டர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே வேலை போயிடும். தெரியுமில்ல?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்பெஞ்சுப் பெண் சைக்காலைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் புருல் பிடித்துக்கொண்டாள்.

"ஓஹோ, நீயும் கூட்டா? நரீன் நகரத்துல நடக்கற வேதியியல் போட்டிக்கு உன் பேரைத்தான் குடுத்திருக்கேன். அடிச்சிடட்டுமா?"

சைக்கால் எழுந்தாள்.

"அடிச்சிடுங்க எஜே. உலானோட அம்மாவை மட்டும் விட்டுடுங்க. யாரும் எதையும் எடுக்கலை. இதை நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

"நானா?" புருல் சிரித்தேவிட்டாள். "பதினெட்டு வருஷமா இந்தப் பாடம் நடத்தறேன். என் தலையிலேயே மிளகாய் அரைக்கிறியா?"

சைக்கால் தன் நோட்டை விரித்து நீட்டினாள். புருல் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்ட பாடம். Al₃O₂. மேலே தேதி, அக்டோபர் ஒன்பது.

புருலின் கை அப்படியே நின்றது. கணவனை அடக்கம் செய்துவிட்டு அவள் பள்ளிக்கூடம் வந்த முதல் நாள் அது. அன்று என்ன பேசினாள், என்ன எழுதினாள், ஒன்றும் அவளுக்கு நினைவில்லை.

"தப்புன்னு... தெரியாமலா எல்லாரும் எழுதினீங்க?"

"தெரியும் எஜே. நீங்க எழுதிப்போட்டதை நாங்க மாத்தி எழுதினா, அன்னிக்கு தப்பா எழுதினது தெரிஞ்சு அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் வந்துடுமோன்னு பயந்துட்டோம். மார்க் போனா போகட்டும்னு எல்லாரும் சேந்து பேசி வெச்சுக்கிட்டோம்."

"ஆனா தப்பை மட்டும் எழுதிட்டு வர மனசு கேக்கலை எஜே," என்றான் உலான், இன்னும் தலை நிமிராமல்.

புருல் முதல் தாளைத் திருப்பினாள். பிறகு அடுத்ததை, அதற்கடுத்ததை. இருபத்தாறு தாளின் பின்பக்கத்திலும், கீழ்மூலையில், பென்சிலால் பொடி எழுத்தில் Al₂O₃ என்று இருந்தது.