தலை முட்டும் இடம்

"ஓரமெல்லாம் கூராக இருக்கிறது. இதோடு தேறாது" என்றார் கார்ப் பரிசோதகர், டேனிஷில்.

தவராஜாவுக்கு டேனிஷ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரியும் என்று இருபது வருடமாக அவரே சொல்லிவருகிறார். இருந்தாலும் இப்படியான வேளைகளில் மொழிபெயர்க்க மனைவி றஜனி பக்கத்தில் நிற்கவேண்டும்.

பெட்டிபெட்டியாகப் பாகங்கள் வரவழைத்து, கராஜில் வைத்துத் தானே பொருத்திப் பூட்டிய கார் அது. கூரையில்லை. இரண்டே இருக்கை. டாஷ்போர்ட்டில், பயணிக்கு நேரெதிரே, பித்தளையில் வெட்டிய தாயக வரைபடம் ஒன்று மினுங்கியது.

சனிக்கிழமை கோப்பன்ஹேகனில் ஊர்வலம். முன்னால் இந்தக் கார்தான் போகும் என்று தாங்கள் குடியிருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு தமிழ் வீடு விடாமல் சொல்லியாயிற்று. இன்று தேறினால்தான் இலக்கத்தகடு.

முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துவிட்டதென்று காலையிலேயே வானொலி சொல்லிவிட்டது. றஜனியால் தேத்தண்ணிகூடக் குடிக்க முடியவில்லை. தவராஜா இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு, பித்தளையை இன்னொருமுறை பொலிஷ் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

இப்போது தொண்டையைச் செருமினார். கல்யாண வீடோ செத்த வீடோ, மைக் கையில் கிடைத்ததும் வருகிற அதே செருமல்.

"இஞ்சேரும், அவருக்குச் சொல்லும். இது தகடில்லை, எங்கடை மண். இதிலை ஒரு அங்குலமும் நாங்கள் விட்டுக்குடுக்கமாட்டம். உலகம் முழுக்கத் திரண்டு வந்தாலும் விடமாட்டம் எண்டு சொல்லும்!"

"அலங்காரமாம்" என்றாள் றஜனி, டேனிஷில்.

பரிசோதகர் தலையாட்டினார். இருக்கையின் தலைமட்டத்திலிருந்து உள்ளங்கையை மெல்ல வீசி வரைபடத்தில் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். சடுதியாகப் பிரேக் போட்டால் பயணியின் தலை வந்து முட்டும் இடம் இது. இங்கே எந்த விளிம்பும் உருண்டையாக இருக்கவேண்டும். எந்த நாட்டு மண் என்று சட்டத்தில் கேள்வியில்லை. நெற்றிதான் கணக்கு.

தவராஜாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. "ஊர்வலம் நிச்சயம். காரும் நிச்சயம்" என்று அதட்டிவிட்டு வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் அராவினால் விடுவானோ எண்டு கேளும்."

அங்குலம் விடாதவர் மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டார்.

அவள் கேட்டாள். கிழக்குப் பக்கத்தை அராவலாம். ஆனால் உச்சி முனை மெல்லியது, அராவ இடமில்லை.

"மேல் முனையை வெட்டட்டாம், அப்பா" என்றாள் கணவரிடம்.

மேல் முனை யாழ்ப்பாணம். தவராஜாவின் ஊர். முகம் சுண்டிவிட்டது. றஜனியின் மட்டக்களப்பை அராவச் சொன்னபோது அவருக்கு ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை.

கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"அப்ப இப்பிடிச் சொல்லும். நீர் இந்தச் சீற்றிலை இருந்து வந்தனீர்தானே? ஒரு கீறலும் படேல்லை எண்டு உம்மடை வாயாலை சொல்லும். பொம்பிளை சொன்னால் நம்புவான்."

றஜனி இதை மொழிபெயர்க்கவில்லை. நெற்றியில் விழுந்துகிடந்த மயிரை ஒதுக்கிப் பிடித்தாள்.

தையல் பிரித்த இடம் இன்னும் சிவந்திருந்தது. தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், அலுமாரிக் கதவு பட்டது என்று சொல்லிவைத்திருந்தாள்.

பரிசோதகர் நெற்றியைப் பார்த்தார். குனிந்து பித்தளை முனையைப் பார்த்தார். போய் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து தவராஜாவின் கையில் வைத்தார்.

இரண்டு கிழமைக்கு முன், வெள்ளோட்டம் விட்ட அன்று, சீற் பெல்ட் பூட்ட முன்பே, கார் குலுங்கி நின்றது. தவராஜா பதறிப்போய்க் கைலேஞ்சியை எடுத்தார். யாழ்ப்பாணத்தைத் துடைத்தார். வளையவில்லை என்று அவளுக்கும் காட்டினார்.